கோட்டைக்கு மேலே வலை கட்டுகிறவர்கள்

கோவையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி சில கேள்விகளை மொத்தமாக அனுப்பியிருந்தார். பவானிசாகர் அணைக்குள் ஒரு ஊரே மூழ்கிக் கிடக்கிறதாமே, நிஜமா? தண்ணீருக்கு நடுவில் சர்ச் கோபுரம் நிற்கிற படம் அங்கே எடுத்ததா? அவ்வளவு பெரிய அணையை வைத்துக்கொண்டு கடைகளில் ஏன் எப்போதும் ஜிலேபி மீனாகவே வறுத்துக் கொடுக்கிறார்கள்? ஒரு பரிசல் பிடித்துப் போய், கோயிலையும் பார்த்துவிட்டுத் தூண்டிலும் போட்டுவிட்டு வர முடியுமா?

படத்தை முதலில் தள்ளிவிடுகிறேன். அது பவானிசாகர் இல்லை, மேட்டூர். மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. அதன் நீர்ப்பரப்பில் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிய சர்ச்சின் கோபுரமும், ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் தண்ணீர் இறங்கும்போது வெளியே தெரியும். ஒவ்வொரு கோடையிலும் அந்தப் படத்தைப் பவானிசாகர் என்று போட்டுச் சுற்றுக்கு விடுகிறார்கள். எங்கள் அணைக்குள் சர்ச் கிடையாது, டணாய்க்கன்கோட்டைதான் உண்டு. உங்களுடைய முதல் கேள்விக்கும் அதுவே பதில். ஊர் இருந்தது, இன்னும் அடியில்தான் இருக்கிறது.

நான் பிறந்து வளர்ந்தது பவானிசாகரில். அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, அணை வேலைக்கு மண் சுமக்க வந்து அப்படியே தங்கிவிட்டவர். மாமா முப்பது வருஷம் அந்தத் தண்ணீரில் வலை கட்டியவர். நான் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன் என்றாலும் லீவு நாட்களில் அவர் பரிசலில் உட்கார்ந்து கழித்த பொழுதுகள் ஏராளம். ஆகவே கீழே வருவதில் பாதி படித்தது, பாதி பரிசலில் கேட்டது.

ஊர் எங்கே இருந்தது என்பதைச் சொன்னால் மற்ற எல்லாம் தானே விளங்கும். நீலகிரிக்கு அந்தப் பக்கமிருந்து சுற்றிக்கொண்டு பவானி வருகிறது. இந்தப் பக்கம் முதுமலைக் காட்டிலிருந்து ஆழமான பள்ளத்தாக்கு வழியாக மாயாறு இறங்குகிறது. மலையடிவாரத்தில் இரண்டும் சேருகிற இடத்தை ஒட்டித்தான் டணாய்க்கன்கோட்டை. தண்ணீருக்குப் பஞ்சமில்லை, வண்டல் மண், பின்னால் மலை. இன்னொரு முக்கியமான விஷயம், மாயாற்றுப் பள்ளத்தாக்கு வழியாக மேலே ஏறினால் மைசூர் நாடு. கஜலெட்டிக் கணவாய் என்று பழைய ஏடுகளில் வருவது இதுதான். இன்றைக்கு மைசூர் போக நாம் பண்ணாரி, திம்பம் என்று இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறோம். அன்றைக்குப் படையும் பொதிமாடும் இறங்கியது மாயாற்று வழியில். 1790 செப்டம்பரில் திப்புவின் படை அப்படி இறங்கித்தான் சத்தியமங்கலத்தில் கர்னல் ஃபிளாய்டின் கும்பினிப் (கிழக்கிந்திய கம்பெனி) படையோடு மோதியது.

பெயர் எப்படி வந்தது என்று பலரும் கேட்பார்கள். தண்டநாயக்கன் என்றால் படைத்தலைவன். வாய்க்கு வாய் தேய்ந்து டணாய்க்கன் ஆகிவிட்டது. போசள (ஹொய்சள) அரசன் மூன்றாம் வல்லாளன் காலத்தில், அதாவது 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி, மாதவ தண்டநாயக்கன் என்பவன் இந்தப் பகுதியை ஆண்டான். நீலகிரியை அடக்கியவன் என்று பொருள்படும் பட்டம் அவனுக்கு உண்டு. அவன் பெயரைத் தாங்கிய மாதவப் பெருமாள் கோயில்தான் இன்று தண்ணீருக்கு அடியில் நிற்பது.

எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் படுவது பிற்காலக் கதை. ஊட்டி என்று ஒரு நகரம் உருவாவதற்கு முன்னால், நீலகிரிக்கு வாசல் டணாய்க்கன்கோட்டைதான். 1800-ல் பிரான்சிஸ் புக்கானன் இந்த ஊருக்கு வந்து எழுதி வைத்திருக்கிறார். 1812-ல் கும்பினியின் சர்வேயர் வில்லியம் கீஸ் இங்கிருந்துதான் மலையேறினார். 1819-ல் ஜான் சல்லிவன் கலெக்டராக இருந்தபோது மலை முழுக்க டணாய்க்கன்கோட்டைத் தாலுக்காவில் அடக்கம். யோசித்துப் பாருங்கள், இன்றைக்கு மாவட்டமாக இருக்கிற நீலகிரி ஒரு காலத்தில் இந்த முழுகிப்போன ஊரின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம்.

அப்புறம் பாதை மாறியது. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் சல்லிவன் பாதை போட்டார். 1830-களில் குன்னூர் வழி திறந்தது. 1873-ல் மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்துவிட்டது. மலைக்குப் போகிறவன் டணாய்க்கன்கோட்டையை எட்டிக்கூடப் பார்க்கவேண்டிய அவசியமில்லை. அதனால்தான், ‘அணை வந்து ஒரு பெருநகரத்தை அழித்துவிட்டது’ என்று யாராவது உருக்கமாகப் பேசினால் எனக்கு ஒப்புவதில்லை. தண்ணீர் ஏறும் முன்பே, நூறு வருஷத்துக்கு மேலாக, அது ஒதுங்கிப்போன ஊர். கோட்டைச் சுவரும் கோயிலும் வயலும் சந்தையும் வைத்துக்கொண்டு அமைதியாகப் பிழைத்த கிராமம். அது போனது வருத்தம்தான். ஆனால் இல்லாத பெருமையைச் சேர்த்துச் சொல்வதால் அந்த வருத்தம் கூடப்போவதில்லை.

ஊருக்கு நல்லதாக இருந்த அதே இடம் அணைக்கும் நல்லதாகிப் போனதுதான் அடுத்த கட்டம். இரண்டு ஆறும் சேர்ந்த பிறகு, மலை விலகிச் சமவெளி தொடங்கும் இடத்தில் ஒரு கரையைப் போட்டால் இரண்டு தண்ணீரும் ஒரே கிண்ணத்தில். ஈரோடு தியாகி எம்.ஏ. ஈஸ்வரன் சட்டமன்றத்தில் விடாமல் மல்லுக்கட்டியதும் இந்தக் கிண்ணத்துக்காகத்தான். 1948-ல் வேலை தொடங்கி 1955-ல் முடிந்தது. சுதந்திரம் வந்த சூட்டோடு தொடங்கிய பெரிய பாசனத் திட்டம். மண் அணை, நடுவில் மட்டும் கல் கட்டு, நீளம் எட்டு கிலோமீட்டருக்கு மேல். கொள்ளளவு 32.8 டி.எம்.சி. தமிழ்நாட்டில் மேட்டூருக்கு அடுத்தது இதுதான். மொத்த உயரம் 120 அடி என்பார்கள், சேறும் சகதியும் 15 அடி கழித்து 105 அடி என்று கணக்கு. தினமும் காலையில் பேப்பரில் வருகிற ‘பவானிசாகர் நீர்மட்டம்’ இந்த 105-ல் எவ்வளவு என்பதுதான்.

அந்த ஒற்றை எண்ணை வைத்துத்தான் கொங்கு நாட்டில் பாதிப் பேர் வருஷத்தைத் திட்டம் போடுகிறார்கள். கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடிக் கரூர் மாவட்டம் வரை போகிறது. பாசனம் 2,07,000 ஏக்கர். தண்ணீர் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் போதாது என்பதால் நிலத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆகஸ்டில் நஞ்சைக்கும் மறு பாதிக்கு ஜனவரியில் புஞ்சைக்கும் விடுகிறார்கள். அடுத்த வருஷம் முறை மாறும். பெருந்துறை, காங்கேயம் பக்கம் பொண்ணு பார்க்கப் போனால், ‘வாய்க்கால் பாசனமுங்களா, கிணத்துப் பாசனமுங்களா?’ என்று கேட்காமல் பேச்சு நகராது.

சரி, ஊர் மக்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு வருகிறேன். கதவு, நிலவுக்கால், உத்திரம், ஓடு, திருகை, உரல் என்று கழற்ற முடிந்ததை எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்கு நகர்ந்தார்கள். சாமியையும் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். அதனால் அடியில் வீடுகள் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓட்டையும் மரத்தையும் எடுத்த பிறகு மிஞ்சியது மண்சுவர். அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்கியிருக்காது. கருங்கல் மட்டும் நின்றுவிட்டது. 2017 பஞ்சத்தில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனபோது நான் பார்த்தேன். கரையிலிருந்து வெகுதூரம் பாளம் பாளமாக வெடித்த வண்டல், அதற்கப்பால் தூண்களோடு கோயில், கல்லெல்லாம் சேறு படிந்து ஒரே சாம்பல் நிறம். சாமியில்லாத கருவறை. அங்கேயும் யாரோ ஒரு சூடம் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

ஒன்று கவனியுங்கள். கோயில் தெரிகிறது என்றால் வாய்க்காலுக்குத் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். அதைப் பார்க்கக் கூட்டம் கூடுவதும் படம் எடுப்பதும் வெளியூர்க்காரர்கள்தான். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள், ‘கோயல் தெரியுதாமா கண்ணு?’ என்று கேட்கிற குரலே வேறு மாதிரி இருக்கும்.

இனி மீன். இதில் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

அணை வருவதற்கு முன் இது ஓடுகிற தண்ணீர். ஓடுகிற தண்ணீருக்கென்று மீன்கள் உண்டு. காவிரிக்கே சொந்தமான கெண்டைகள், கருமுழிக் கெண்டை, வாளை, கெளுத்தி, ஆரால், பாறைக்கிடையில் பூமீன் என்று பெரியவர்கள் சொல்லும் மகசீர். புது வெள்ளம் வந்ததும் இந்தக் கெண்டை வகை ஆற்றை எதிர்த்து மேலே ஏறி முட்டை போடும். குறுக்கே எட்டு கிலோமீட்டர் கரை விழுந்தால் கீழே இருப்பது கீழே, மேலே இருப்பது மேலே. மேலே மாட்டிக்கொண்டவைக்கு மாயாறாவது இருந்தது. காவிரிக்கே உரிய, முதுகு திமில்போல் எழும்பிய மகசீருக்கு இன்று மிஞ்சியிருக்கும் சில இடங்களில் மாயாறும் ஒன்று. உலகத்தில் அற்றுப்போகும் கட்டத்தில் இருக்கும் மீன் அது.

தேங்கிய தண்ணீரை நிரப்ப வேறு மீன் வேண்டியிருந்தது. அதற்குத்தான் கங்கைப் பக்கத்து மீன்களான கட்லா, ரோகு, மிர்கால். கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுத்தண்ணீரில், மிர்கால் தரையில். ஒன்றுக்கொன்று சண்டையில்லாமல் மொத்தக் குளத்தையும் பயன்படுத்திக்கொள்ளும் கூட்டணி. ஒரே சிக்கல், ஓட்டமில்லாத தண்ணீரில் இவை முட்டை போடாது. அந்தக் காலத்தில் வங்காளத்து ஆறுகளில் குஞ்சு பிடித்து அங்கிருந்து கொண்டுவரவேண்டும். நல்ல வேளையாக, அணை திறந்த இரண்டு வருஷத்தில், 1957 ஜூலை 10-ல், ஹீராலால் சவுத்ரி கெண்டை மீனுக்குப் பிட்யூட்டரிச் சாறு ஊசி போட்டுக் கட்டுக்குள் முட்டையிட வைத்துக் காட்டினார். அதற்கப்புறம்தான் நாடு முழுக்கக் குஞ்சுப் பண்ணைகள். பவானிசாகரிலும் மீன்துறையின் பண்ணை இருக்கிறது. சின்ன வயதில் அந்தத் தொட்டிகளைக் கம்பி வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறோம். 1970-களில் இந்திய நீர்த்தேக்கங்களின் மீன்வளத்தை ஒருங்கிணைத்து ஆராய்ந்த திட்டத்திலும் எங்கள் அணை ஒரு மையம்.

ஆகவே நீங்கள் இங்கே தின்கிற கட்லா அணையில் பிறந்ததல்ல, விடப்பட்டது. எத்தனை குஞ்சு விடுகிறார்கள், எந்த அளவில் விடுகிறார்கள் என்பதில்தான் அடுத்த வருஷத்துப் பிழைப்பே இருக்கிறது. விரல் நீளத்துக்கும் குறைவான குஞ்சை விட்டால் அது வாளைக்குப் போட்ட தீனி. நாலு விரல் அகலத்துக்கு வளர்த்து விட்டால்தான் தப்பும். மாமா இதைச் சொல்லி அலுத்துப்போனவர். ‘லாரில வந்து கொட்டிட்டுப் போறாங்க, எண்ணுனது ஆரு?’ என்பார். குஞ்சு விடும்போது வலைக்காரர்களையும் பக்கத்தில் நிறுத்தி எண்ணிக் காட்டவேண்டும் என்பது என்னுடைய கட்சியும்.

ஜிலேபிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 1952-ல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன் அது. ஓரத்து ஆழமில்லாத தண்ணீரில் குழி பறித்து முட்டை போட்டு, தாய் அதை வாயிலேயே வைத்துக் காப்பாற்றும். வருஷத்துக்குப் பல ஈடு. ஊசியும் வேண்டாம், லாரியும் வேண்டாம். வலையில் எப்போதும் விழுகிற மீன் எதுவோ அதுதான் வறுவல் கடைக்கு வரும். கட்லா ஏழெட்டுக் கிலோ என்றால் வெட்டித் துண்டு போட்டு ஈரோடு, கோவை மார்க்கெட்டுக்குப் போய்விடும். முழுசாகக் கீறி, மிளகாய்த்தூள் திணித்து, கல்லில் போட்டு இலையில் வைக்கத் தோதான அளவு ஜிலேபிக்குத்தான். உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். மட்டமான மீன் என்று நினைக்காதீர்கள். புது ஜிலேபியை, கொத்தமல்லியும் சின்ன வெங்காயமும் வறுத்து அரைத்த குழம்பில் போட்டு மறுநாள் காலையில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இங்கே மீன் நன்றாக வளர்வதற்கு நீர்மட்டம் ஏறி இறங்குவதே ஒரு காரணம். கோடையில் வற்றிய இடமெல்லாம் புல் முளைத்து ஆடுமாடு மேயும். சிறுமுகைப் பக்கம் துணிச்சல்காரர்கள் வாழையே வைத்துவிடுவார்கள். ஆனி ஆடியில் மலையில் மழை பிடித்துத் தண்ணீர் ஏறும்போது அந்தப் புல்லும் சாணியும் ஊறி அழுகி, தண்ணீரில் நுண்ணுயிர் பெருகும். மீனுக்கு அது விருந்து, வாழைக்காரருக்கு நட்டம். லிங்காபுரம், காந்தவயல் பக்கம் தண்ணீர் ஏறினால் பாலமே முழுகிப் படகில் போகவேண்டியிருந்ததும் இந்த ஏற்றத்தில்தான்.

கெட்ட காலமும் உண்டு. சிறுமுகையில் ஒரு செயற்கை இழை ஆலை ஓடிய வருஷங்களில் கழிவு ஆற்றில் கலந்து மீன் செத்து மிதந்ததை எங்கள் தலைமுறை மறக்கவில்லை. ஆலை மூடிய பிறகுதான் மூச்சு வந்தது.

வேலை எப்படி என்றால், பொழுது சாயும்போது பரிசலில் போய் வலை கட்டிவிட்டு, விடியும் முன் போய் எடுப்பது. மூங்கில் பரிசலுக்கு முன்பு தோல் போர்த்தினார்கள், அப்புறம் தார் பூசிய சாக்கு, இப்போது ஃபைபர். வலையின் கண் விரல்கணக்கு. இரண்டு விரல் நுழைகிற கண் ஜிலேபிக்கு, ஐந்து விரல் கட்லாவுக்கு. கோட்டை இருக்கும் இடத்தில் மீன் அதிகம், ஏனென்றால் கல்லிடுக்கும் சுவரும் ஒதுங்க வசதி. ஆனால் வலை கல்லில் மாட்டினால் கிழியாமல் வராது. நைலான் வலை விலைக்கு அந்தக் கிழிசல் ரெண்டு நாள் கூலி. ‘டணாய்க்கனுக்கு வரி கட்டிட்டு வந்தேன்’ என்பார் மாமா, கிழிந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு.

பிடித்த மீன் பிடித்தவருக்குச் சொந்தமில்லை என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. அணையின் மீன்பிடி உரிமை அரசினுடையது. அதைக் குத்தகைக்கு எடுத்தவர் எடை போடும் இடத்தில் மீனைக் கொடுத்துவிட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு வரவேண்டும். கடையில் நீங்கள் கொடுக்கும் விலைக்கும் பரிசல்காரர் கைக்கு வருவதற்கும் நடுவில் நீண்ட தூரம். இத்தனைக்கும் கரையில் யானை, தண்ணீரில் முதலை. மாயாற்று முதலைகள் அணைக்குள்ளும் உலவும். கரையில் தண்ணீர் குடிக்கும் யானைக்கூட்டம் நகரும்வரை, வலை எடுக்கவேண்டிய இடத்துக்கு எட்டத்தில் ஒரு மணி நேரம் பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

அதனால்தான் உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: முடியாது. அந்தக் கரை முழுக்கச் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தோடு ஒட்டிய காடு, 2013-ல் அறிவித்தது. அனுமதியில்லாமல் நுழைந்தால் வழக்கு. தூண்டிலும் அப்படித்தான், குத்தகை உள்ள தண்ணீரில் நீங்கள் போடுவது திருட்டுக் கணக்கில் வரும். பணம் கொடுத்தால் பரிசலில் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால், மாட்டினால் உங்களைவிட அவருக்குத்தான் பிழைப்பு போகும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆசை இருந்தால் ஆடிப்பெருக்கு அன்றைக்கு வாருங்கள். அணையின் மேல்பகுதியைப் பொதுமக்களுக்குத் திறப்பது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான், தண்ணீர் நிலவரம் பார்த்துச் சில வருஷம் அதுவும் இருக்காது. கரைமேல் நின்று மேற்கே நீலகிரியைப் பாருங்கள். வலது கைப்பக்கம் மலைகளுக்கிடையில் ஒரு வெட்டு தெரியும், மாயாறு வருகிற பள்ளத்தாக்கு. அந்த வெட்டின் வாயில், தண்ணீர் விரிகிற இடத்தில்தான் ஊர் கிடக்கிறது. இறங்கி வந்தால் பூங்காப் பக்கம் வறுவல் கடைகள். பொரித்து அடுக்கியதை வாங்காதீர்கள். பச்சை மீனைக் காட்டச் சொல்லி, செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் அன்று விடியற்காலை எடுத்தது. பழுப்பாக இருந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.